மம்மி ரயிலில் ஏறுவது குறித்த முன்னாலோசனைகள்: சங்கரன்கோவிலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

ரோலர் கோஸ்டர் ஓடுவது சில நிமிடம். அதில் ஏறுவதா வேண்டாமா என்று சங்கரன்கோவிலில் ஒரு குடும்பம் பேசித் தீர்க்க ஓர் ஆடித்தபசு முதல் மறு ஆடித்தபசு வரை ஆகிறது. ஓடும்போது நடப்பதைப் பொறியாளர்கள் எழுதிவிட்டார்கள். ஓடி முடிந்தபின் வரும் கிறுகிறுப்பை மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். ஏறுமுன் நடக்கும் பேச்சு மட்டும் புலவர் எவரும் தொடாத நிலமாகக் கிடக்கிறது. அதை உழுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வண்டி, சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவில் ஓடும் ‘ரிவெஞ்ச் ஆஃப் த மம்மி’. பூங்கா திறந்த 2010 முதல் ஓடுகிறது. கூரைக்கு அடியில், இருட்டில், எதிர்பாராமல் பாயும். வழியில் பின்னோக்கியும் போகும். வாய்க்கு வசதியாக இதை நம்மவர்கள் ‘மம்மி ரயில்’ என்கிறார்கள். ஆய்வாளரும் அப்படியே வழங்குவார்.

சென்னையில் இல்லாத ரோலர் கோஸ்டரா என்று வாய்மொழித் தேர்வில் கேட்கக்கூடும். சாயங்காலம் பொதிகையில் ஏறினால் விடிந்ததும் தாம்பரம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எம்ஜிஎம் இருக்கிறது, வேறு பூங்காக்களும் இருக்கின்றன. மறுக்கவில்லை. ஆனால் வெட்டவெளியில் ஓடும் வண்டியில் அடுத்த பள்ளம் கண்ணுக்குத் தெரியும். தெரிந்த பள்ளத்துக்குத் தயாராகிவிடலாம், குறைந்தபட்சம் குலசாமியைக் கூப்பிட அவகாசம் உண்டு. இந்த ஆய்வுக்கு வேண்டியது அந்த அவகாசமும் தராத வண்டி. தவிரவும், சிங்கப்பூரில் ஒரு மருமகன் இருந்தால் செலவில் பாதி அவர் தலையில் விழும் என்ற நடைமுறைக் காரணமும் உண்டு.

கருதுகோள் இது: உள்ளரங்க ரோலர் கோஸ்டர் என்பது டிராகன் ரயிலைப் பேய் வீட்டுக்குள் ஓட்டுவது.

களத்தின் தகுதி

சங்கரன்கோவிலைத் தேர்ந்தது ஏன்? சுற்றுவதில் இந்த ஊருக்கு இருக்கும் அனுபவம் வேறு ஊருக்கு வராது. ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் ஆடிச்சுற்று தொடங்கிவிடும். நேர்ந்துகொண்டவர்கள் சங்கரநாராயணர் கோயிலை நூற்றுக்கணக்கில் சுற்றுவார்கள். ஆயிரத்தொன்று என்று வைராக்கியமாகச் சுற்றுபவர்களும் உண்டு. ஒற்றைக்காலில் தவம் நிற்கும் கோமதியம்மனின் கால்வலியை இந்தச் சுற்று வாங்கிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. அம்மன் சன்னதியில் ஸ்ரீசக்கரக் குழி இருக்கிறது. மனம் கலங்கியவர்கள் அதில் உட்கார்ந்தால் தெளியும் என்பார்கள். ஆக, சுற்றித் தெளிவது, உட்கார்ந்து தெளிவது என்ற இரு வழியும் அறிந்த ஊர் இது. உட்கார்ந்தபடியே சுற்றுவது என்ற மூன்றாம் வழி ஒன்றுதான் பாக்கி.

இத்தனை சுற்றியும் பக்தருக்குத் தலை சுற்றுவதில்லை, கால்தான் வலிக்கிறது. காரணம் காதுக்குள் இருக்கிறது. உட்காதில் மூன்று அரைவட்டக் குழாய்கள், மூன்று திசைக்கு ஒன்றாக. உள்ளே திரவம். தலை சட்டென்று திரும்பினால் குழாய் கூடவே திரும்பும், திரவம் பின்தங்கும். அந்தப் பின்தங்கலைத்தான் மூளை ‘சுற்றுகிறோம்’ என்று எடுத்துக்கொள்கிறது. சுற்றுவதை நிறுத்திய பிறகும் திரவம் நிற்காமல் ஓடுவதால் தட்டாமாலை சுற்றிய பிள்ளை நின்ற இடத்திலேயே விழுகிறது. பிராகாரத்தில் நடப்பவரோ ஒரு மூலையிலிருந்து அடுத்த மூலை வரை நேராகத்தான் போகிறார். திரவத்துக்கு அலுங்கல் இல்லை. மம்மி ரயிலில் நிலைமை தலைகீழ். காது ‘திரும்புகிறோம், விழுகிறோம்’ என்று கதறும். கண் ‘இங்கே ஒன்றும் தெரியவில்லையே’ என்று கைவிரிக்கும். இருவர் வாக்குமூலமும் ஒத்துவராதபோது வயிறு பஞ்சாயத்துக்கு எழுந்து வருகிறது. வாந்தி என்பது அந்தப் பஞ்சாயத்தின் தீர்ப்பு.

இனி கருதுகோளின் இரு பாதிகள். தபசு வந்தால் ராட்டினமும் வரும். ராட்சத ராட்டினம், கொலம்பஸ், பிரேக் டான்ஸ், சின்னப் பிள்ளைகளுக்கு டிராகன் ரயில். பச்சைப் பெயின்ட் அடித்த தலை, பின்னால் சில பெட்டிகள், ஓர் ஆள் உயரத்துக்கு ஏறி இறங்கும் வளைந்த தண்டவாளம், அவ்வளவுதான் டிராகன் ரயில். இயக்குகிற தம்பி ஒரு கையில் டிக்கெட் கட்டையும் மறு கையில் சுவிட்சையும் வைத்திருப்பார். பெட்டிக்குள்ளிருந்து ‘நிப்பாட்டுங்கண்ணே’ என்று குரல் வந்தால் அவர் காதில் அது ‘இன்னொரு ரவுண்டு’ என்றுதான் விழும். குரல் எவ்வளவு உச்சத்தில் வருகிறதோ அத்தனை ரவுண்டு கூடும்.

பக்கத்தில் தகரம் அடைத்த பேய் வீடு. ஜெனரேட்டர் இரைச்சலோடு இருட்டுக்குள் நடக்க வேண்டும். சிவப்பு பல்பு மாட்டிய எலும்புக்கூட்டுக்கு யாரும் பயப்படுவதில்லை. ‘இது பிளாஸ்டிக்கு’ என்று இரண்டாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். கணுக்காலில் ஈரமாக ஏதோ உரசுமே, அதற்குத்தான் பயம். எது உரசியது என்று தெரியாது, அடுத்து எப்போது உரசும் என்றும் தெரியாது. அந்தத் தெரியாமையையும் டிராகனின் மேடு பள்ளத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஏசி போட்டால் நமது ஆய்வுப்பொருள் கிடைத்துவிடும்.

இதற்கு வெளிநாட்டுச் சான்றும் உண்டு. டிஸ்னி நிறுவனம் 1975-இல் புளோரிடாவில் ‘ஸ்பேஸ் மவுன்டன்’ என்ற இருட்டு ரோலர் கோஸ்டரைத் திறந்தது. இறங்கி வருகிறவர்கள் ராக்கெட்டில் போய் வந்ததுபோல் முகம் வெளிறி வருவார்கள். அதன் உச்ச வேகம் மணிக்குச் சுமார் 45 கிலோமீட்டர்தான். ராஜபாளையம் ரோட்டில் நம் தனியார் பஸ் இதைவிட விரைவாகப் போகிறது. அதில் யாரும் கையைத் தூக்கிக்கொண்டு கூச்சலிடுவதில்லை. இருட்டு வேகத்தைப் பெருக்கிக் காட்டுகிறது என்பது இதனால் பெறப்படும். வேகத்தை விலைக்கு வாங்குவதைவிட பல்பை அணைப்பது மலிவு என்பதும் பெறப்படும்.

முன்னோடிகள்

ஆலோசனையில் ஆச்சி எழுப்பும் முதல் கேள்வி எல்லாக் குடும்பத்திலும் ஒன்றே: “ஏலே, அது தண்டவாளத்த விட்டு எகிறிட்டுன்னா என்ன செய்வ?”

நியாயமான கேள்வி. ரஷ்யாவில் பனிக்கட்டிச் சரிவுகளில் சறுக்கி விளையாடிய காலத்திலேயே யாரேனும் ஓர் ஆச்சி இதைக் கேட்டிருப்பார். 1884-இல் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் மர ரயில் ஒன்றை ஓடவிட்டார். கட்டணம் ஐந்து சென்ட், வேகம் மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவு. ஒரு கோடிக்குப் போனதும் எல்லோரும் இறங்கிக்கொள்ள, ஆட்கள் பெட்டியைத் தள்ளி மறு தடத்தில் ஏற்றுவார்கள். பிறகு திரும்பி வருவார்கள். அந்த வேகத்தில் எகிற வழியில்லை. வேகம் கூடக் கூட ஆச்சியின் கேள்விக்குக் கனம் கூடியது. விடை தந்தவர் ஜான் மில்லர். தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரு சக்கரத்தை வைத்துப் பெட்டியைக் கவ்விப் பிடிக்கும் ஏற்பாட்டுக்கு அவர் 1919-இல் காப்புரிமை வாங்கினார். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், நடுவே தண்டவாளம்; இனி பெட்டி எகிற வேண்டுமானால் தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டுதான் எகிற வேண்டும். அதாவது, கேள்வி கேட்ட ஆச்சி பிறப்பதற்கு முன்பே பதில் பதிவாகிவிட்டது. இதை விளக்கிச் சொன்னால் ஆச்சி ஒப்புக்கொள்வார் என்று நினைப்பவருக்கு ஆச்சிகளைப் பற்றித் தெரியாது. “அந்த அடிச் சக்கரம் கழண்டுட்டுன்னா?” என்பது அடுத்த கேள்வி. மில்லர் அதற்குப் பதில் வைக்கவில்லை. தினமும் காலையில் பூங்கா திறக்குமுன் ஆளில்லாமல் ஓட்டிப் பார்க்கும் பணியாளர்கள் வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது ஐயம் உயரம். ஊரில் உயரத்துக்கு அளவுகோல் ராஜகோபுரம். ஒன்பது நிலை, 125 அடி. மனக்கணக்காக மட்டும், அம்மன் பொறுத்துக்கொள்வாள் என்ற துணிவில், அந்த உயரத்திலிருந்து உராய்வில்லாமல் ஒரு பெட்டி இறங்குவதாக வைத்துக்கொண்டால் அடிவாரத்தில் அதன் வேகம் மணிக்குச் சுமார் 98 கிலோமீட்டர். வெட்டவெளிக்காரர்கள் இப்படித்தான் வேகத்தைச் சம்பாதிக்கிறார்கள்: சங்கிலியால் கடகடவென்று மேலே இழுப்பது, பிறகு பூமியிடம் ஒப்படைப்பது. உள்ளரங்கில் கூரை இடிக்கும். வேகத்துக்காகக் கூரையைக் கோபுர உயரத்துக்குத் தூக்கினால் செலவு பிடிக்கும். ஆகவே மம்மி ரயில் போன்றவற்றில் தடத்தோடு மின்காந்த மோட்டார்களை வரிசையாகப் பதித்து, பெட்டியின் அடியில் இருக்கும் உலோகத் தகட்டைப் பிடித்து முன்னால் தள்ளிவிடுகிறார்கள். சங்கிலியின் கடகட ஒலியில் ஒரு மரியாதை இருந்தது, ‘இதோ தள்ளப்போகிறோம்’ என்ற முன்னறிவிப்பு. மோட்டாருக்கு அந்தப் பண்பாடு கிடையாது. இது ஆய்வாளரின் தனிப்பட்ட வருத்தம்.

இருக்கைத் தகராறு

ஆலோசனையின் பெரும்பகுதி இதில்தான் போகிறது. போவது இந்த ஊருக்குப் பொருத்தமும்கூட. சங்கரன்கோவிலின் தலபுராணமே ஒரு தகராறில் பிறந்தது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சிவனே பெரியவர் என்றான் சங்கன். திருமாலே பெரியவர் என்றான் பதுமன். பேசி முடியவில்லை. அம்மனிடம் போனார்கள், அம்மன் தவமிருந்தாள், கடைசியில் பாதி சிவன் பாதி திருமாலாக ஒரே உருவில் சங்கரநாராயணர் காட்சி தந்தார். அந்தப் பரம்பரையில் வந்தவர்கள் முன் வரிசையா பின் வரிசையா என்று தகராறு செய்யாமல் இருப்பார்களா?

முன்னிருக்கைக் கட்சியைச் சங்கன் பள்ளி என்க. இதன் தலைவி பெரும்பாலும் கல்லூரிக்குப் போகும் பெண். முன்னால் உட்கார்ந்தால் யார் தலையும் மறைக்காது, பாய்ச்சலை முதலில் வாங்குவது நாம்தான் என்பது இவர்கள் சித்தாந்தம். “இருட்டுக்குள்ள என்னத்தப் பாக்கப் போற?” என்ற ஒரே கேள்வியில் பாதி சித்தாந்தம் கழன்றுவிடும்.

பின்னிருக்கைக் கட்சியான பதுமன் பள்ளிக்கு இயற்பியல் ஆதரவு உண்டு. மேட்டைத் தாண்டும்போது முன்பெட்டி மெதுவாகத்தான் எட்டிப் பார்க்கும். ரயிலின் கனத்தில் பெரும்பங்கு இன்னும் மேட்டின் இந்தப் பக்கம் கிடந்து பின்னுக்கு இழுக்கும். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போதோ முன்னால் போனவை எல்லாம் சரிவில் பாய்ந்துகொண்டிருக்கும். அவை இழுக்கிற இழுப்பில் கடைசிப் பெட்டிக்காரர் மேட்டில் ஏறுவதில்லை, வீசப்படுகிறார். இருக்கையை விட்டு உடல் ஒரு கணம் மேலே மிதக்கும். காசு கொடுத்தது இதற்குத்தான் என்பது பதுமன் பள்ளியின் வாதம்.

சித்தப்பாக்கள் இந்தப் பள்ளியில் சேருவது வேறு காரணத்தால். கல்லடைப்பு. வெயில் காய்கிற ஊர். தறி ஓடும் கொட்டகைக்குள் தண்ணீர் குடிக்க மறந்துபோகும். எந்தத் தெருவிலும் வாழைத்தண்டுச் சாறு குடிக்கும் ஒரு சித்தப்பா இருப்பார். அவருக்கு யாரோ ஒரு செய்தியைச் சொல்லிவிட்டார்கள். விளையாட்டில்லை, மெய்யான செய்தி. அமெரிக்காவில் டேவிட் வார்ட்டிங்கர் என்ற மருத்துவரிடம் நோயாளி ஒருவர் வந்து, டிஸ்னி பூங்காவில் ‘பிக் தண்டர் மவுன்டன்’ ரோலர் கோஸ்டரில் போனபோது சிறுநீரகக் கல் விழுந்துவிட்டது என்றார். வார்ட்டிங்கரும் மார்க் மிச்சலும் சிலிக்கானில் ஒரு சிறுநீரக மாதிரி செய்து, அதில் சிறுநீரும் மெய்யான கற்களும் நிரப்பி, பையில் வைத்துச் சிறுநீரகம் இருக்கும் உயரத்தில் பிடித்துக்கொண்டு 20 தடவை அதே சவாரியில் போனார்கள். முன்னிருக்கையில் 24-க்கு 4 கற்கள் நகர்ந்தன. பின்னிருக்கையில் 36-க்கு 23. ஆய்வு 2016-இல் வெளிவந்தது. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக்நோபல் பரிசு 2018-இல் கிடைத்தது. போலி ஆய்வு எழுத உட்காருகிறவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது: மெய்யாய்வு நம்மை முந்திக்கொண்டு போய்விட்டது.

சித்தப்பா அறிவித்துவிட்டார்: “நான் கடேசிலதான் உக்காருவேன். ஆசுபத்திரிக்குக் குடுக்கத அங்க குடுப்போம்.”

அவரிடம் சொல்லத் தயக்கமாக இருக்கும் பிற்சேர்க்கை ஒன்று உண்டு. வார்ட்டிங்கர் குழு ஸ்பேஸ் மவுன்டனிலும், அங்கேயே உள்ள இன்னொரு உள்ளரங்கப் பாய்ச்சல் வண்டியான ‘ராக் அண்ட் ரோலர் கோஸ்டரி’லும் முயன்று பார்த்தது. பலிக்கவில்லை. வேகமும் விசையும் அளவுக்கு மீறிக் கல்லை இருந்த இடத்திலேயே அழுத்திவிடுகின்றன என்பது வார்ட்டிங்கர் தந்த விளக்கம். கல்லுக்கு வேண்டியது கரடுமுரடான குலுக்கல். இருட்டுப் பாய்ச்சல் அல்ல. இந்த அளவுகோலின்படி மம்மி ரயிலைக் காட்டிலும், குண்டும் குழியுமான ஏதேனும் ஒரு கிராமத்து ரோட்டில் மினி பஸ்ஸின் கடைசி சீட் மேலான சிகிச்சை. அதற்கு விசாவும் வேண்டாம்.

இரு பள்ளிக்கும் சமரசம் எப்படி? ஆய்வாளர் வரைபடத்தையும் தலபுராணத்தையும் அருகருகே வைத்து நெடுநேரம் யோசித்ததில் ஒன்று புலப்பட்டது. மம்மி ரயில் பின்னோக்கியும் ஓடுகிறது. முன்னோக்கிப் போகும்போது முன்னால் இருந்தவர், பின்னோக்கிப் போகும்போது கடைசி ஆள். கடைசியில் இருந்தவர் முதல் ஆள். ஒரே சவாரியில் சங்கன் பதுமனாகிறான், பதுமன் சங்கனாகிறான். வண்டி கட்டியவர்கள் நம் புராணத்தைப் படித்திருக்க வாய்ப்பில்லை. படிக்காமலே அங்கு போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

நாளும் கோளும்

ஆச்சி வெள்ளிக்கிழமை என்று சொல்லிவிட்டார். அம்மனுக்கு உகந்த நாள். சனி ஞாயிறை விடக் கூட்டமும் குறைவு என்று மருமகன் வாட்ஸ்அப்பில் வழிமொழிந்தார். தாத்தா சட்டைப்பையிலிருந்து பாம்புப் பஞ்சாங்கத்தை எடுத்தார். வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

இங்கே புலமைச் சிக்கல் ஒன்று முளைக்கிறது. எந்த ஊர்ப் பத்தரை? சிங்கப்பூர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. நம் ராகுகாலம் அங்கே மதியம் ஒன்று முதல் இரண்டரை. ஆனால் ராகுகாலம் உள்ளூர்ச் சூரிய உதயத்திலிருந்து கணக்கிடுவது; சிங்கப்பூரில் சூரியன் ஏழு மணி வாக்கில்தான் உதிக்கிறான். அந்தக் கணக்கில் அங்கே ராகுகாலம் பதினொன்றரை முதல் ஒன்று. இரண்டும் இடைவெளியில்லாமல் ஒட்டி நிற்பதைக் கவனிக்க. “எதுக்கு வம்பு, ரெண்டையும் விட்டுருவோம்” என்றார் ஆச்சி. எமகண்டத்துக்கும் இதே முறையைப் பின்பற்றினால் மாலை நாலு முதல் ஏழு வரை போய்விடும். மிஞ்சுவது காலையில் பூங்கா திறந்தது முதல் பதினொன்றரை வரையும், மதியம் இரண்டரைக்கு மேல் நாலு வரையும்.

சரி, வரிசையில் நிற்கத் தொடங்குவதைக் கணக்கில் கொள்வதா, பெட்டியில் உட்காருவதையா, மோட்டார் தள்ளும் கணத்தையா? வரிசை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று எந்தப் பஞ்சாங்கமும் சொல்லாது. பூங்கா வாசலில் பலகை சொல்லும், பலகையை நம்ப முடியாது. இதற்கு நம் முன்னோர் வழி வைத்திருக்கிறார்கள்: பரஸ்தானம். நல்ல நேரத்தில் கிளம்ப முடியாவிட்டால், நம் பொருள் ஒன்றை அந்த நேரத்தில் முன்கூட்டியே வெளியே கொண்டு வைத்துவிட்டால் புறப்பட்டதாக ஆகிவிடும். மம்மி ரயிலில் ஏறுமுன் கைப்பை, செல்போன் எல்லாவற்றையும் வெளியே லாக்கரில் வைத்தாக வேண்டும் என்பது பூங்காவின் விதி. பதினொன்றே காலுக்கு லாக்கரில் பையை வைத்துவிட்டால் பரஸ்தானம் ஆயிற்று. பிறகு ராகுகாலம் முழுக்க வரிசையில் நின்றாலும் தோஷமில்லை. பூங்காக்காரர்கள் இதைத் திருட்டுப் பயத்துக்கும் பொருள் பறந்துவிடும் என்ற பயத்துக்கும் செய்த ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அச்சத்தின் நான்கு களங்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டு என்றார். அவற்றில் அச்சம் பிறக்கும் களங்கள் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. மம்மி ரயிலைக் கட்டியவர்கள் இந்த நான்கையும் விடாமல் வைத்திருப்பது ஆய்வாளரைத் திகைக்க வைத்தது.

அணங்கு, இம்ஹோதெப் என்ற மம்மி. 1999-இல் வந்த படத்தில் பார்த்த அதே ஆள். அவனைப் பற்றி விவாதமில்லை. விலங்கு என்ற இடத்தில் ஸ்காரப் வண்டுகள். இங்கே ஒரு நெருடல். தொல்காப்பியரே மரபியலில் நண்டையும் தும்பியையும் நாலறிவு உயிர் என்று வகுத்து, விலங்குக்கு ஐந்தறிவு கொடுத்துவிட்டார். வண்டைத் தும்பியின் பங்காளி என்று கொண்டால் ஓர் அறிவு குறைகிறது. எண்ணிக்கையில் ஏராளமாக வருவதால் அந்தக் குறை நிரம்பிவிடுகிறது என்று அமைதி கூறுக. கள்வர் யார்? புதையல் இருக்கும் கல்லறைக்குள் இருட்டில் நுழைந்திருப்பவர் நாம்தான். ஆகவே நம்மைக் கண்டே நாம் அஞ்ச வேண்டியதாகிறது. இறை என்பது அரசன். இந்தக் காலத்தில் அவன் சீருடையில் வருகிறான். ஒவ்வொரு வரிசையாக வந்து மடிமேல் விழும் கம்பியை அழுத்திப் பார்த்து, மறுபடி ஓர் அழுத்து அழுத்திவிட்டு, சிரித்தபடி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிப் போகும் பணியாளன். மம்மிக்குப் பயப்படாதவர்கள்கூட அந்தச் சிரிப்புக்குப் பயப்படுவார்கள்.

அத்தைக்கு மேற்சொன்ன நான்கிலும் அடங்காத ஐந்தாவது அச்சம் இருக்கிறது: தாலிச்சங்கிலி. அதற்கு அவர் கண்ட தீர்வு பொறியியல் நோக்கில் குறை சொல்ல முடியாதது. சங்கிலியை ரவிக்கைக்குள் விட்டு, கண்ணி ஒன்றின் வழியாக ஊக்கைக் கோத்து, ரவிக்கைத் துணியின் மடிப்பில் இரண்டு இடத்தில் குத்தி, ஊக்கின் வாயை உட்புறமாகத் திருப்பிப் பூட்டுவது. முந்தானை இழுத்துச் செருகப்படும். ஜான் மில்லரின் அடிச்சக்கரத்தின் தத்துவமும் இதுதான்: மேலே ஒரு பிடி, கீழே ஒரு பிடி.

உணவு

பிரியாணியா, சவாரியா, எது முதலில்? சங்கரன்கோவில் மட்டன் பிரியாணிக்கு அயலூரிலிருந்து கார் பிடித்து வருகிறார்கள்; இந்த ஊர்க்காரரிடம் வெறும் வயிற்றோடு போ என்று சொல்வது சுயமரியாதையைத் தொடும் விஷயம். இருந்தாலும் வயிற்றுப் பஞ்சாயத்தை முன்னர் விளக்கியாயிற்று. நிரம்பிய வயிறு தீர்ப்பை விரைவுபடுத்தும், காலி வயிறும் குமட்டும். திருச்சியில் விமானம் ஏறுமுன் பொடி தடவிய இட்லி, சவாரி நாளன்று காலையில் அதே அளவு, பிரியாணி ஊர் திரும்பிய பிறகு. எலுமிச்சம்பழம் அவசியம். குற்றாலம் தாண்டிச் செங்கோட்டை மலைப்பாதையில் பஸ்ஸில் போகும்போது மூக்கருகே பிடித்துக்கொள்ளும் அதே பழம்தான். ஆனால் அதையும் லாக்கரில்தான் வைக்க வேண்டும் என்று தெரிந்ததும் குழுவில் ஒரு கனத்த மௌனம் நிலவியது.

பை பிடிப்பவர்

சமூகவியல் நோக்கில் மிக முக்கியமான மாற்றத்துக்கு வருகிறோம். தமிழ்க் குடும்பம் ஒன்று ராட்டினத்துக்குப் போனால் அதில் ஒருவர் ஏற மாட்டார். கீழே நிற்பார். எல்லோருடைய பை, செருப்பு, மூக்குக்கண்ணாடி, பாதி தின்ற பஞ்சு மிட்டாய், அவ்வளவும் அவர் கையில். ராட்டினம் மேலே போகும்போது அண்ணாந்து பார்த்துக் கையசைப்பார். இவர் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது. ஏனென்றால் பொறுப்பில் இருக்கிறார். பல தலைமுறையாக மாமாக்கள் வகித்து வந்த இந்தப் பதவி, குடும்பங்களில் எழுதப்படாத இட ஒதுக்கீடு.

ஆலோசனையின் முதல் நாளே மாமா தம் பதவியை அறிவித்திருந்தார்: “நீங்கள்லாம் போயிட்டு வாங்க. நான் பையப் பாத்துக்கிடுதேன்.”

லாக்கர் அந்தப் பதவியை ஒழித்துவிட்டது. பை பெட்டிக்குள், செல்போன் பெட்டிக்குள், பூட்டுக்குப் பொறுப்பு எந்திரம். மனிதன் செய்துவந்த வேலையை எந்திரம் பறிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் விசைத்தறியைச் சொல்வார்கள், கணினியைச் சொல்வார்கள்; செந்தோசா லாக்கரால் வேலையிழந்த மாமாக்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லாக்கர் விவரத்தை மருமகன் வீடியோ காலில் காட்டிய அன்று மாமா இரவுச் சாப்பாட்டில் பாதியில் எழுந்துவிட்டார்.

ஆயினும் பூங்காவின் விதிகளை முழுக்கப் படித்தவர் குழுவிலேயே மாமா ஒருவர்தான். அதில் இன்னொரு விதியைக் கண்டுபிடித்திருக்கிறார். மம்மி ரயிலில் ஏற 122 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். பேரன் இரண்டாம் வகுப்பு. உயரம் போதாவிட்டால் பிள்ளையை வெளியே தனியாக விட முடியுமா? யாராவது பெரியவர் ஒருவர் கூடவே நின்றுதானே ஆக வேண்டும்?

தற்போது அவர் வீட்டு நிலைக்கதவில் 122-இல் பென்சில் கோடு போட்டிருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பேரனைச் செருப்பில்லாமல் அதன் அருகே நிறுத்தி, தலைமேல் அடிக்கோலை வைத்துப் பார்க்கிறார். சென்ற வாரம் இரண்டு விரற்கடை இடைவெளி இருந்தது. பயணம் ஆடிக்குப் பிறகு. பையனுக்கு ராத்திரிதோறும் கொடுத்துவந்த ஹார்லிக்ஸ் தீர்ந்துபோய் நாளாகிறது என்றும், வாங்கி வரும்படி அத்தை சொல்லும்போதெல்லாம் மாமாவுக்கு மறந்துபோகிறது என்றும் களத்தகவல்.